மதுரை அரியணைக்காக யார் யாரோடு சேர்ந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையைச் சுற்றியுள்ள குன்று, கோயில், கல்வெட்டு பார்க்கக் கிளம்பும் கூட்டத்தோடு நானும் போய் வருவதுண்டு. வேன் எந்த ஊருக்குப் போனாலும் பின் சீட்டிலிருந்து வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பாண்டியர், சோழர், இலங்கை, ஹொய்சளர் என்று நான்கு பேரைச் சொன்னதும், "இதுல யாரு நம்மாளு, யாரு எதிரி?" என்று ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பாண்டியனும் சோழனும் பரம்பரை எதிரிங்கதானே? இதுல கூட்டணி எங்கண்ணே வந்துச்சு?

எதிரிகள்தான். முதலாம் பராந்தகச் சோழன் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையைப் பிடித்து, "மதுரை கொண்ட" என்பதையே தன் பட்டமாக வைத்துக்கொண்டவன். வீரபாண்டியன் என்றொரு பாண்டியன் "சோழன் தலைகொண்ட" என்று போட்டுக்கொண்டான். ஆதித்த கரிகாலன் பதிலுக்கு "வீரபாண்டியன் தலைகொண்ட" என்று போட்டுக்கொண்டான். பிறகு ராஜேந்திர சோழன் தன் மகனையே சோழபாண்டியன் என்ற பெயரில் மதுரையில் உட்கார வைத்தான்.

ஆனால் "பாண்டியன்" என்று ஒருமையில் பேசுவதில்தான் சிக்கல். மதுரையில் ஒருவன் முடிசூடியிருந்தால், அதே முடிக்கு உரிமை கொண்டாடும் பங்காளி ஒருவன் நெல்லைப் பக்கத்திலோ வேறு எங்கோ இருப்பான். சோழன் ஒரு பங்காளிக்குக் கைகொடுத்தால் இன்னொரு பங்காளி இலங்கைக்கு ஆள் அனுப்புவான். கூட்டணி என்பது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் உண்டானதைவிட, ஒரு நாட்டு அரசனுக்கும் இன்னொரு நாட்டுப் பங்காளிக்கும் நடுவில் உண்டானதுதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

சிங்கள ராஜாக்க எப்பவும் பாண்டியர் பக்கம்தான்னு ஒரு வாத்தியார் சொன்னாரு. நெசமா?

"எப்பவும்" என்பது மட்டும் தப்பு. 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் இலங்கைமேல் படையெடுத்துச் சூறையாடினான். அதற்குப் பழிவாங்க 862 வாக்கில் இரண்டாம் சேனன் அனுப்பிய படை மதுரைக்குள் புகுந்து கொள்ளையடித்தது, வேறொரு பாண்டிய இளவரசனை அரியணையில் வைத்தது என்று இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அன்றைக்கு இவர்களைவிடக் கடும் பகையாளிகள் கிடையாது.

இரண்டு தலைமுறை போவதற்குள் சோழர் பெரிய ஆளாகிவிட்டார்கள். உடனே கதை மாறியது. 915 வாக்கில் வெள்ளூரில் பராந்தகனை எதிர்த்துப் பாண்டியன் ராஜசிம்மன் நின்றபோது, அவன் பக்கத்தில் நின்றது இலங்கை அரசன் ஐந்தாம் காசியபன் அனுப்பிய படை. இரண்டு பேரும் சேர்ந்து தோற்றார்கள். ராஜசிம்மன் கடல் தாண்டி இலங்கைக்கு ஓடினான். அங்கே எதிர்பார்த்த உதவி கிடைக்காமல், தன் முடியையும் அரசச் சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுத் தாய்வழி நாடான கேரளத்துக்குப் போய்விட்டான். பராந்தகன் அந்த முடியைக் கேட்டு இலங்கைக்குப் படை அனுப்பியும் கிடைக்கவில்லை. ராஜேந்திரன் காலத்தில்தான் அது சோழர் கைக்குப் போனது. ஒரு முடிக்காக நூறு ஆண்டு காத்திருந்தார்கள் என்றால் அது வெறும் நகை இல்லை என்று புரிகிறதல்லவா? மதுரை அரியணையின் உரிமைக்கே அது அடையாளம்.

அப்புறம் கல்யாண உறவும் சேர்ந்துகொண்டது. சோழரை இலங்கையின் பொலன்னறுவையிலிருந்து விரட்டிய முதலாம் விஜயபாகுவிடம் சோழன் பெண் கேட்டான். அவன் மறுத்துவிட்டு, தங்கை மித்தாவைப் பாண்டிய இளவரசன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்தப் பாண்டியனின் பேரன்தான் பெயர்பெற்ற முதலாம் பராக்கிரமபாகு. அதாவது அடுத்த கேள்விகளில் மதுரைக்குப் படை அனுப்பப் போகிறவனுக்கு அப்பா வழித் தாத்தா ஒரு பாண்டியன்.

குலசேகரன், பராக்கிரமன், வீரபாண்டியன், விக்கிரமன்... எல்லாப் பேரும் ஒண்ணுபோல இருக்கு. யாரு எந்தக் கட்சி?

இந்தப் பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பராக்கிரம பாண்டியனும் அவன் மகன் வீரபாண்டியனும் ஒரு வீடு. குலசேகர பாண்டியனும் அவன் உறவினன் விக்கிரம பாண்டியனும் எதிர் வீடு. பராக்கிரம"பாகு" என்று வந்தால் இலங்கை அரசன், பராக்கிரம"பாண்டியன்" என்று வந்தால் நம் ஊர்க்காரன். இதே பெயர்களோடு நூறு ஆண்டு கழித்து வேறு ஆட்கள் வருவார்கள். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பங்காளிச் சண்டையக் கொஞ்சம் வரிசையாச் சொல்லுங்களேன்.

1160களின் பிற்பகுதி. மதுரையில் பராக்கிரம பாண்டியன் இருக்கிறான். குலசேகரன் வந்து கோட்டையை வளைத்துக்கொள்கிறான். உள்ளே மாட்டியவன் உறவு முறையை நினைத்து இலங்கைக்குத் தூது விடுகிறான். பராக்கிரமபாகு லங்காபுரன் என்ற தண்டநாயகன், அதாவது படைத்தலைவன், தலைமையில் படையை ஏற்றி அனுப்புகிறான். அது வந்து சேருவதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து, பராக்கிரமனையும் மனைவி மக்களையும் கொன்றுவிட்டான். தப்பித்தது மகன் வீரபாண்டியன் மட்டும்.

உதவ வந்த ஆளே செத்துப்போனான், இனித் திரும்பிவிடலாம் என்று படை திரும்பவில்லை. வீரபாண்டியனை வைத்து வேலையைத் தொடரச் சொல்லி உத்தரவு வந்தது. லங்காபுரன் ராமேசுவரத்தைப் பிடித்தான், பாம்பன் தீவின் குந்துகாலில் தன் அரசன் பெயரில் கோட்டை கட்டினான், பிடிபட்ட தமிழர்களைக் கப்பலேற்றி அனுராதபுரத்துத் தூபியைச் செப்பனிடும் வேலைக்கு அனுப்பினான். பிறகு உள்நாட்டுக்குள் நுழைந்தான். சூளவம்சம் தரும் ஊர்ப் பெயர்களைப் படித்தால் நம் பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கும்: தொண்டி, பாசி, அஞ்சுகோட்டை, செம்பொன்மாரி, மானாமதுரை, திருப்பத்தூர், பொன்னமராவதி. பொன்னமராவதியில் மூன்று அடுக்கு அரண்மனை ஒன்றைக் கொளுத்தினார்கள். கடைசியில் வீரபாண்டியன் மதுரையில் முடிசூடினான். இலங்கைக் காசு பாண்டிய நாட்டில் புழங்கியது.

குலசேகரன் எங்கே போனான்? சோழ அரசன் இரண்டாம் ராஜாதிராஜனிடம். சோழருக்கு அவன்மேல் பாசம் ஒன்றும் கிடையாது. இலங்கைப் படை தொண்டி வரைக்கும் நிற்பதுதான் பயம். காஞ்சிபுரம் அருகே ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் அந்தப் பயம் அப்படியே தெரிகிறது. எதிரிலிசோழ சம்புவராயன் என்ற தலைவன், கௌட நாட்டிலிருந்து (வங்கப் பக்கம்) வந்த உமாபதிதேவர் என்ற சைவப் பெரியவரிடம் போய், இந்தப் படை சோழநாட்டுக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று முறையிடுகிறான். அவர் 28 நாள் பூசை செய்கிறார். பிறகு, எதிரி ஓடிவிட்டான் என்று செய்தி வருகிறது. பூசைக்கு நன்றியாக ஆர்ப்பாக்கம் கிராமமே அவருக்குப் போகிறது. களத்தில் வேலை பார்த்தது பல்லவராயன் என்ற சோழப் படைத்தலைவன். லங்காபுரனும் மற்றத் தலைவர்களும் கொல்லப்பட்டு, அவர்கள் தலைகள் மதுரை வாசலில் ஆணியடிக்கப்பட்டன. குலசேகரன் மதுரைக்குத் திரும்பினான்.

எந்த வாசல்ல ஆணியடிச்சாய்ங்க? கீழவாசலா, தெக்குவாசலா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. இன்றைக்கு நாம் வாசல் என்று சொல்லும் இடங்கள் நாயக்கர் காலத்துக் கோட்டையை ஒட்டியவை. அந்தச் சம்பவம் அதற்கு நானூறு ஆண்டு முந்தையது. அங்கே நின்று போட்டோ எடுப்பதில் பயனில்லை.

சோழன் புண்ணியத்துல மதுரைய வாங்கின குலசேகரன் சோழனுக்கே குழி பறிச்சானாமே? அது துரோகம் இல்லையா?

திருவாலங்காட்டில் உள்ள ராஜாதிராஜனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அப்படித்தான் சொல்கிறது. செய்த நன்றியை மறந்தான், இலங்கை அரசனோடு சம்பந்தம் பேசினான், சோழர்மேல் பற்று வைத்திருந்த அதிகாரிகளை, சோழ பாண்டிய எல்லையான வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான் என்று பட்டியல் போடுகிறது. இலங்கையிலிருந்து வந்த கடிதங்களும் பரிசுகளும் பிடிபட்டன.

நான் அதைத் துரோகம் என்று சொல்லத் தயங்குவேன். குலசேகரன் இடத்தில் இருந்து பாருங்கள். வெளியே இருந்தவரை அவனுக்கு எதிரி இலங்கை, துணை சோழன். மதுரையில் உட்கார்ந்த மறுநாளே நிலைமை வேறு. இலங்கை கடலுக்கு அப்பால் இருக்கிறது. சோழப் படை வெள்ளாற்றங்கரையில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கப்பம் கேட்கப் போகிறவன் யார், அடுத்த பங்காளியைக் கூட்டிவரப் போகிறவன் யார் என்று யோசித்தால், ஒரு மதுரை அரசனுக்கு அஞ்ச வேண்டிய ஆள் சோழன்தான். பராக்கிரமபாகுவுக்கும் கணக்கு எளிது. தன் படைத்தலைவனைக் கொன்றவனாக இருந்தால் என்ன, சோழனைக் காவிரிக்குள் கட்டிப்போட மதுரையில் ஒருவன் வேண்டும். வீரபாண்டியன் முடியாமல் போனால் குலசேகரன்.

சரி, சோழன் அதுக்கப்புறம் என்ன செஞ்சான்? புதுசா யாரைப் புடிச்சான்?

புதுசாகத் தேடவில்லை. குலசேகரனை விரட்டிவிட்டு, கொஞ்ச நாள் முன்பு வரை இலங்கையின் ஆளாக இருந்த வீரபாண்டியனையே மதுரையில் உட்கார வைத்தான். ஆமாம், லங்காபுரன் முடிசூட்டிய அதே வீரபாண்டியன். ஆக, ஆட்கள் அதேதான், துணை மட்டும் குறுக்கே மாறிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள்.

அதோடு விடவில்லை. பராக்கிரமபாகுவின் அரியணைக்கு உரிமை கொண்டாடிய அவன் மருமகன் ஸ்ரீவல்லபன் சோழரிடம் அடைக்கலமாக இருந்தான். அவனிடம் படையைக் கொடுத்து, ஊர்காவற்றுறை, வலிகாமம் முதலிய இடங்களைத் தாக்க வைத்தார்கள். அங்கே படையெடுப்புக்கு மரக்கலங்கள் தயாராகிக்கொண்டிருந்ததாகச் செய்தி. நம் வீட்டுப் பங்காளியை அவன் வைத்துக்கொண்டால், அவன் வீட்டுப் பங்காளியை நாம் வைத்துக்கொள்வோம் என்பதுதான் முறை.

வீரபாண்டியனாச்சும் சோழனுக்கு விசுவாசமா இருந்தானா?

இல்லை. துரோகம் பற்றிய கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள். மதுரையில் உட்கார்ந்ததும் அவனுக்கும் அதே கணக்குத்தான் வந்தது. இலங்கைப் பக்கம் சாய்ந்தான். இந்த முறை சோழ அரியணையில் இருந்தது மூன்றாம் குலோத்துங்கன். 1182 வாக்கில் மதுரைக்கு வந்து, குலசேகரன் வீட்டு விக்கிரம பாண்டியனுக்கு முடிசூட்டிவிட்டுப் போனான். வீரபாண்டியன் சேரன் துணையோடு மீண்டும் வந்தான். நெட்டூரில் சண்டை. இளையான்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஊர் தெரியும். அங்கே தோற்று, கொல்லத்துக்கு ஓடி, கடைசியில் சேரனோடு சேர்ந்து வந்து குலோத்துங்கன் காலில் விழுந்தான். குலோத்துங்கன் அவனைக் கொல்லவில்லை, நிலமும் பொருளும் கொடுத்து அனுப்பினான். உயிரோடு இருக்கிற பங்காளி பின்னால் பயன்படுவான்.

இலங்கை நூலு நாங்க ஜெயிச்சோம்ங்குது, சோழர் கல்வெட்டு நாங்க ஜெயிச்சோம்ங்குது. யாரைத்தான் நம்புறது?

இரண்டையும், ஒவ்வொன்றிலும் பாதி. சூளவம்சம் லங்காபுரனின் வெற்றிகளை ஊர் ஊராக விவரித்து, வெற்றியிலேயே கதையை முடித்துவிடுகிறது. அவன் தலை என்ன ஆயிற்று என்ற பேச்சே இல்லை. சோழர் கல்வெட்டோ இலங்கைப் படை பாண்டிய நாட்டைப் பிடித்ததை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. தனக்குக் கெடுதலான சேதியை எவன் ஒப்புக்கொள்கிறானோ, அந்த இடத்தில் அவனை நம்பலாம் என்பது என் வழக்கம். அதன்படி முதல் பாதிக்குச் சூளவம்சம், இரண்டாம் பாதிக்குக் கல்வெட்டு.

வருத்தம் என்னவென்றால், இந்தச் சண்டையில் அரியணை யாருடையதோ அந்தப் பாண்டியர் தரப்பின் குரல் எங்கும் இல்லை. குலசேகரன் என்ன நினைத்தான் என்பதை அவன் எதிரிகள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். மேலே நான் அவனுக்காக வாதாடியதும் அதனால்தான்.

சுந்தரபாண்டியன் தஞ்சாவூரையே கொளுத்தினவன். அப்புறம் எதுக்குச் சோழனுக்கு முடியத் திருப்பிக் கொடுத்தான்?

முதலில் ஏன் கொளுத்தினான் என்பது. 1205 வாக்கில் குலோத்துங்கன் மறுபடி மதுரைக்கு வந்து, பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்து, அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுதான். 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தான். தஞ்சையும் உறையூரும் எரிந்தன, அங்கேயும் கழுதை உழுதது. கரிகாலன் பட்டினப்பாலைப் புலவருக்குக் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தான் என்று திருவெள்ளறையில் ஒரு பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. எரிக்கிற கையிலும் தமிழ்க் கணக்கு ஒன்று இருந்திருக்கிறது.

பிறகு பொன்னமராவதியில் குலோத்துங்கன் வந்து பணிய, முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுத்தான். "சோணாடு வழங்கியருளிய" என்று பட்டம். கல்வெட்டில் அரசன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி இதைக் கருணை என்கிறது. ஹொய்சள இரண்டாம் வல்லாளனின் படை சோழனுக்காகத் திருவரங்கம் வரைக்கும் வந்து நின்றதை அது சொல்லவில்லை. கருணை கொஞ்சம், கன்னடப் படை கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹொய்சளர் கன்னட தேசத்துக்காரங்க. அவங்களுக்குக் காவிரிக்கரையில என்ன சோலி?

சோழர் ஓங்கியிருந்த காலத்தில் ஹொய்சளரும் சோழரும் தலைக்காட்டுக்காக அடித்துக்கொண்டவர்கள். சோழன் பலவீனமானதும் அதே ஹொய்சளர் அவனுக்குக் காவலர் ஆகிவிட்டார்கள். "சோழராஜ்ய பிரதிஷ்டாசாரியன்", அதாவது சோழ அரசை நிலைநிறுத்தியவன், என்பதை விருதாகவே வைத்துக்கொண்டார்கள். 1231இல் மூன்றாம் ராஜராஜனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தபோது, இரண்டாம் நரசிம்மன், அந்த விருதைக் காப்பாற்றிக் காட்டாமல் எக்காளம் ஊதுவதில்லை என்று சபதம் போட்டு, இரண்டு தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டே போய்ச் சோழனை மீட்டார்கள். இது கடலூர் அருகே திருவேந்திபுரம் கல்வெட்டில் விரிவாக இருக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு பக்கம் பாண்டியனையும் மகேந்திரமங்கலத்தில் முறியடித்தார்கள்.

காப்பாற்ற வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. திருவரங்கத்துக்கு எதிர்க்கரையில் கண்ணனூரில், இன்றைய சமயபுரத்தில், தலைநகரே அமைத்துக்கொண்டார்கள். காவிரிச் சமவெளியின் நெல் யாருக்குக் கசக்கும்?

சோமேசுவரன் பாண்டியனுக்கு மாமனா, சோழனுக்கு மாமனா?

சோமேசுவரன் நரசிம்மனுக்குப் பின் வந்த ஹொய்சள அரசன். இரண்டு பேருக்கும் மாமன். இது விளையாட்டுப் பதில் கிடையாது. மூன்றாம் ராஜேந்திர சோழன் கல்வெட்டிலும் அவன் மாமன்தான், இரண்டாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் கல்வெட்டிலும் மாமன்தான். இரண்டு அரச வீடுகளிலும் ஹொய்சளருக்குச் சம்பந்தம் இருந்தது. நம் ஊரில் மாமன் வந்தால் சீர் வரும். இந்த மாமன் வந்தால் படை வரும்.

அவன் செய்ததைப் பாருங்கள். சோழன் தாழ்ந்து பாண்டியன் ஓங்கியபோது சோழன் பக்கம். 1246இல் பட்டத்துக்கு வந்த ராஜேந்திரன் சுறுசுறுப்பானவனாகிப் பாண்டியரை அடக்கியபோது, உடனே பாண்டியன் பக்கம். ராஜேந்திரன் கோபத்தில் தன்னை "மாமன் சோமேசுவரனுக்கு எமதண்டம்" என்று கல்லில் வெட்டி வைத்தான். அப்புறம் மதுரையில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251இல் வந்து எல்லாரையும் மிஞ்சியதும், மாமனும் மருமகனும் சமாதானம். சோமேசுவரனே தன் கையால் ராஜேந்திரன் காலில் வீரக்கழல் பூட்டியதாகப் பிந்தைய கல்வெட்டு சொல்கிறது.

இந்தப் பக்கத்தில் வரும் எல்லாரிலும் சாமர்த்தியக்காரன் யார் என்று கேட்டால் சோமேசுவரனைத்தான் சொல்வேன். அவனுக்குச் சோழனும் வேண்டாம், பாண்டியனும் வேண்டாம், இருவரும் ஒருவரையொருவர் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஆடுகிறவனுக்கு உள்ள ஆபத்து, இரண்டு பேரில் ஒருவன் அளவுக்கு மீறி வளர்ந்துவிடுவது. சடையவர்மன் கண்ணனூரைப் பிடித்தான், சோழனைக் கப்பம் கட்ட வைத்தான், 1262 வாக்கில் நடந்த சண்டையில் சோமேசுவரன் உயிரே போனது. காஞ்சி, நெல்லூர் வரை போய்த் திருவரங்கத்திலும் தில்லையிலும் பொன் வேய்ந்தவன் இவன்தான்.

கடைசில சோழர் கதைய முடிச்சது யாரு?

1279இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன். (இவன் வேறு குலசேகரன். நூறு ஆண்டு கழித்து வந்தவன்.) மூன்றாம் ராஜேந்திரனும் சோமேசுவரன் மகன் ராமநாதனும் சேர்ந்து நின்று, சேர்ந்தே தோற்றார்கள். ராஜேந்திரனுக்குப் பிறகு சோழ அரசு என்று ஒன்று இல்லை. கண்ணனூரும் ஹொய்சளர் கையை விட்டு அடியோடு போனது. காப்பாற்ற வந்தவர்களும் காப்பாற்றப்பட்டவர்களும் காவிரிக்கரையில் ஒரே நேரத்தில் காலி.

இலங்கையும் தப்பவில்லை. 1284 வாக்கில் குலசேகரனின் அமைச்சன் ஆரியச் சக்கரவர்த்தி படையோடு போய்ப் புத்தரின் புனிதப் பல்லையே கொண்டுவந்துவிட்டான். மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரில் வந்து நயந்து பேசித்தான் அதைத் திரும்ப வாங்கிப்போனான். சோழன் இருந்தவரை பாண்டியனும் இலங்கையும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள். சோழன் போனதும் அந்தத் தேவையும் போயிற்று.

சொந்தத் தம்பிய ஒழிக்க சுந்தரபாண்டியன்தான் மாலிக் காபூரைக் கூட்டியாந்தான்னு சொல்றாய்ங்களே?

மாலிக் காபூர் தில்லிச் சுல்தானின் படைத்தலைவன். இந்தக் கதை மேடையில் நன்றாக எடுபடும். எனக்கு நம்பிக்கை இல்லை. அண்ணன் தம்பி சண்டை உண்மை. மாறவர்மன் குலசேகரனுக்குப் பின் அவன் மகன்கள் சுந்தரன், வீரன் இருவரும் மோதிக்கொண்டார்கள். சுந்தரன் அப்பாவைக் கொன்றான், பிறகு தோற்று தில்லியில் அடைக்கலம் தேடினான் என்று எழுதியவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப். அவர் இருந்தது ஈரானில்.

1311 படையெடுப்பை அதே காலத்தில் எழுதிய தில்லி அவைக் கவிஞர் அமீர் குஸ்ரூ அழைப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. சண்டை நடப்பது தெரிந்து படை வந்தது, அவ்வளவுதான். அவர் கணக்குப்படி மதுரைக்கு வந்து பார்த்தால் ஊர் காலி. சுந்தரபாண்டியன் குடும்பத்தோடு ஓடிவிட்டான், மிச்சம் இரண்டு மூன்று யானைகள். விருந்தாளியைக் கூப்பிட்டவன் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுவானா?

வழிகாட்டியவன் யார் என்று கேட்டால் பதில் தெளிவாக இருக்கிறது: ஹொய்சள மூன்றாம் வல்லாளன். பாண்டியச் சகோதரர் சண்டையில் இழந்த நிலத்தை மீட்கலாம் என்று தெற்கே வந்திருந்தவன், தன் தலைநகர் துவாரசமுத்திரத்துக்கே காபூர் வந்துவிட்டான் என்று கேட்டு ஓடிப்போய்ப் பணிந்தான். பணிந்ததும் மாபாருக்கு, அதாவது பாண்டிய நாட்டுக்கு, வழிகாட்டும் வேலை வந்து சேர்ந்தது.

அப்ப வல்லாளன் துருக்கர் பக்கமா? மதுரைச் சுல்தானோட சண்டை போட்டுச் செத்தவன்னு படிச்சேனே.

இரண்டும் ஒரே ஆள்தான், நடுவில் முப்பது ஆண்டு. 1330களின் நடுவில் மதுரையின் ஆளுநர் ஜலாலுதீன் அஹ்சன் தில்லியிலிருந்து பிரிந்து தானே சுல்தான் ஆனார். அந்தச் சுல்தான்களை எதிர்த்துக் கடைசி வரை மல்லுக்கட்டியது வல்லாளன். 1342 வாக்கில் கண்ணனூரை முற்றுகையிட்டு ஏறக்குறைய வென்றுவிட்டான். அப்போதைய மதுரைச் சுல்தான் கியாசுதீன் திடீரென்று பாய்ந்து தாக்கினான். எண்பது வயதுக் கிழவன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். உரித்த தோலில் வைக்கோல் அடைத்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டதைத் தானே பார்த்ததாக மொராக்கோப் பயணி இப்னு பதூதா எழுதுகிறார். அவர் அஹ்சனின் மருமகன், கியாசுதீனுக்குச் சகலை.

இதெல்லாம் இந்து, முஸ்லிம் சண்டைதானே? ஏன் சுத்தி வளைச்சுப் பேசுறீங்க?

கோபமாகக் கேட்கப்பட்ட கேள்வி, ஒரு தடவைக்கு மேல். 1311இல் நடந்த கோயில் கொள்ளையை யாரும் மறைக்க வேண்டியதில்லை. குஸ்ரூவே பெருமையாக எழுதுகிறார். ஆனால் அணி எப்படிப் பிரிந்தது என்று பார்த்தால் மதம் வரிசையாக நிற்காது. வீரபாண்டியன் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள். குலசேகரன் அவையில் காயல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டவர் தகியுதீன் அப்துர் ரகுமான். அவர் குடும்பம்தான் பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரை கொண்டுவந்தது. ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார் என்கிறார் வஸாஃப். அந்தக் குதிரை இல்லாமல் பாண்டியப் படையே இல்லை. வல்லாளன் படையில் ஏறக்குறைய 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக எழுதியவர் அவனுக்கு எதிர்த்தரப்பில் இருந்த இப்னு பதூதா.

உடன்படிக்கைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குவாய்ங்களா?

ஓலை போனது, தூதர் போனார்கள். திருவாலங்காட்டுக் கல்வெட்டில் பிடிபட்ட கடிதங்கள் அதற்குச் சாட்சி. ஆனால் பிடிமானமாக எண்ணப்பட்டவை வேறு: பெண் கொடுப்பது, முடியைத் திருப்பித் தருவது, காலில் கழல் பூட்டுவது, தோற்றவன் பிள்ளையை அடைக்கலத்தில் வைத்துக்கொள்வது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் உறுதி.

நாயக்கர் காலத்துல இந்த மாதிரி நடக்கலையா?

நடந்தது. திருமலை நாயக்கரின் தளபதி ராமப்பய்யன் ராமநாதபுரத்துச் சேதுபதிமேல் படையெடுத்துப் போனது 1630களின் கடைசியில். சடைக்கன் சேதுபதி பிடிபட்டு மதுரையில் சிறையிருந்தார். 1656இல் மைசூர்ப் படை மூக்கறுத்துக்கொண்டே மதுரையை நெருங்கியபோது, நோயில் கிடந்த திருமலையைக் காப்பாற்ற மறவர் படையோடு ஓடிவந்தவர் அதே சேதுபதி வம்சத்து ரகுநாதர். "திருமலை சேதுபதி" என்ற பட்டம் அப்போது கிடைத்தது. இதற்கே தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இதையெல்லாம் நேர்ல பாக்கணும்னா மதுரையில எங்க போகணும்?

மதுரைக்குள் அதிகம் கிடைக்காது. சாட்சி எல்லாம் வெளியூரில், பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரன் ஊரில். ஒரே நாளில் போய்வர நெட்டூர், காளையார்கோவில், பொன்னமராவதி என்று ஒரு சுற்று. களம் எது என்று பலகை எதுவும் இருக்காது, ஊரையும் நிலத்தின் அமைப்பையும் பார்க்கலாம். திருச்சிப் பக்கம் போனால் திருவெள்ளறைப் பாட்டும், சமயபுரத்தில் ஹொய்சளர் கட்டிய போசலீசுவரமும். இப்போது போஜீஸ்வரர் கோயில் என்று விசாரித்தால்தான் வழி சொல்வார்கள். மாரியம்மன் கோயில் கூட்டத்தில் வேனை நிறுத்த இடம் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள்.